கடலுக்குப் போகும் புழுதி

மே 30

மாமாவுக்கு,

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: நலமாக இருக்கிறேன். கப்பல் ஆடுகிறது, சாப்பிட்டது வயிற்றில் தங்குகிறது. என் அறையில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள், கடல்நீரின் உப்பை அளப்பவள். அவள் குறட்டை விட ஆரம்பித்தால் இயந்திர அறைச் சத்தம் காதில் விழுவதில்லை.

கிளம்பிய அன்று நாம் பேசிக்கொண்டது நன்றாக இல்லை. "வீட்ல இருக்கற நாளைவிட கடல்ல இருக்கற நாள்தான் உனக்கு ஜாஸ்தி" என்றீர்கள். "சமைக்க ஆள் வேணும்னா போட்டுக்கலாம் மாமா" என்று நான் சொன்னேன். நீங்கள் சமையலைப் பற்றிப் பேசவில்லை என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். இங்கே வந்த பிறகு அதை எத்தனை முறை நினைத்துப் பார்த்தேன் என்று எழுதினால் நீங்கள் ஜெயித்ததாகிவிடும். அதனால் எழுதவில்லை.

இப்போது ஓர் உதவி. மாடியில் மூன்று தட்டுகள் நிறையக் கண்ணாடிக் கோலிக்குண்டு வைத்துவிட்டு வந்தேன் அல்லவா? குண்டுகளின் இடுக்கில் விழும் புழுதி மறுபடி பறக்காது. வாரம் ஒருமுறை அதைச் சுத்தநீரால் கழுவிப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். உங்கள் மகன் செய்வதாகத்தான் ஏற்பாடு. முதல் வாரமே மறந்துவிட்டார் என்று அவர் கடிதத்தின் நீளத்திலேயே தெரிந்தது. தப்பு செய்தால்தான் அவர் நீளமாக எழுதுவார்.

பருவக்காற்று நம் வீட்டு மேலாகத்தான் இந்தக் கடலுக்கு வருகிறது. வந்து கடலைக் கலக்கும். ஆழத்திலிருக்கும் குளிர்ந்த நீர் உரச்சத்தோடு மேலே வரும்; கண்ணுக்குத் தெரியாத செடிகள் கோடிக்கணக்கில் முளைக்கும். அவற்றைத் தின்னும் பூச்சி போன்ற உயிர்கள், அவற்றின் எச்சம், செத்த ஓடு எல்லாம் ஒட்டித் திரண்டு கீழே இறங்கும். அப்படி இறங்குவதைப் பிடிக்கத்தான் ஆளுயரப் புனல் ஒன்றைக் கம்பியில் கட்டி ஆழத்தில் விட்டிருக்கிறோம். அடியில் வட்டமாகப் பாட்டில்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். காற்றோடு வரும் புழுதியும் அதில் சேர்ந்தால் அந்தத் திரள் கனத்துச் சீக்கிரம் இறங்குகிறதா என்பதுதான் என் கேள்வி. அதற்குத்தான் மாடித் தட்டுகள்.

செய்வீர்களா?

மருமகள்

ஜூன் 8

மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது, நீ விட்டுப்போன கணினியில் ஒரு விரலால் தட்டுகிறேன், ஒரு எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் முந்தின எழுத்து எதற்கென்று மறந்துவிடுகிறது, தட்டு வைக்க ஊரில் வேறு இடமே இல்லையா, என் நாற்காலி போடுகிற மூலைதான் கிடைத்ததா, இப்போது நான் தண்ணீர்த் தொட்டி பக்கம் உட்கார்ந்து ரேடியோ கேட்கிறேன், தொட்டி நிரம்பினால் முதுகு நனைகிறது.

நேற்று கழுவினேன், சரியாகத்தான் கழுவினேன், முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவனுக்குக் கோலி கழுவத் தெரியாதா, பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிற அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, இந்த வயசுல கோலி ஆடறீங்களா?" என்று கேட்டார், மருமகள் ஆடச் சொல்லியிருக்கிறாள் என்றேன், அந்த அம்மா அச்சகத்தில் புரூஃப் பார்த்து ரிட்டயர் ஆனவர், அடுத்தவர் தப்பு கண்ணில் பட்டே தீரும், பாட்டிலில் நான் ஒட்டிய தேதியே தப்பு என்று அங்கிருந்தே சொல்லிவிட்டார்.

உன் வீட்டுக்காரன் பல் டாக்டர் என்று ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறான், வீட்டுக்கு வந்தால் தன் வாயைத் திறப்பதில்லை, நீ இருந்தால் உன்னிடம் அவன் பேசுவான், நீ அதை என்னிடம் சொல்வாய், இப்போது நாங்கள் இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம், நான் அன்றைக்குச் சொன்னது அதைத்தான், வேறொன்றுமில்லை.

காற்று ஆரம்பித்துவிட்டது, மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது, நமக்குப் புழுதிதான்.

மாமா

ஜூன் 19

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மூச்சு விடாமல். பத்தி முடியும் வரை நீங்கள் எங்கேயும் முற்றுப்புள்ளி வைக்கவில்லை. இரண்டாம் முறை, நீங்கள் அன்று சொன்னதன் அர்த்தத்துக்காக. "வீடு வெறிச்சுனு இருக்கும்மா" என்று நேராகச் சொல்லியிருந்தால் நான் சண்டைக்கு வந்திருக்கமாட்டேனே! நீங்கள் கணக்கு காட்டுவதுபோலச் சொன்னீர்கள். எங்கள் அப்பாவும் என்னைக் கடலுக்கு அனுப்பமாட்டேன் என்று அதே குரலில்தான் சொல்வார். என் காதில் அவர் குரல்தான் விழுந்தது. போகட்டும்.

இங்கேயும் காற்று வந்துவிட்டது. மூன்று நாளாக யாரும் நேராக நடக்கவில்லை. கப்பல் சமையல்காரர் குழம்புச் சட்டியைக் கயிறு போட்டு அடுப்போடு கட்டிவைத்திருக்கிறார். போன மாதம் வெதுவெதுப்பாக இருந்த கடலில் இப்போது வாளி விட்டு எடுத்தால் ஜில்லென்றிருக்கிறது. நிறமும் மாறுகிறது: நீலம் போய், பாசி பிடித்த தொட்டி நிறம். முகம் சுளிக்காதீர்கள், இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

தேதி தப்பு என்று சொன்னவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். தேதி மாறினால் எல்லாம் வீண்.

மருமகள்

ஜூலை 2

அன்பு மருமகளுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

போன வியாழக்கிழமை காற்று பேயாட்டம் ஆடியது. தட்டுகளுக்கு மேல் கட்டியிருந்த வலை பிய்த்துக்கொண்டு போக, ஒரு தட்டு கவிழ்ந்தது. கோலிகள் மாடி முழுக்க உருண்டன. பாதி மழைநீர்க் குழாய் வழியாகத் தெருவுக்கே போய்விட்டன. நான் முட்டி வலியோடு குனிய முடியாமல் நின்றேன். புரூஃப் அம்மா கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்துவிட்டார். ("தாண்டி" என்பது மிகை. சுவர் முழங்கால் உயரம்தான்.) இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். கண், மூக்கு, வாய் எல்லாம் புழுதி. "உங்க மருமக பாட்டில்ல பிடிக்கச் சொன்னதை நாம வாயில பிடிக்கறோம்" என்றார். சிரித்ததில் எனக்கு இருமல் வந்துவிட்டது.

அந்த வாரம் ஒரு தட்டு நஷ்டம். மற்ற இரண்டும் பத்திரம். திட்டாதே.

ஒரு சந்தேகம். கடலில் இறங்குகிற அந்தத் திரள், அடிக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும்? வழியில் அதை யாராவது தின்றுவிடமாட்டார்களா?

உன் வீட்டுக்காரன் நலம். பேசவில்லை.

மாமா

ஜூலை 12

மாமாவுக்கு,

தட்டு போனால் போகட்டும், முட்டி எப்படி இருக்கிறது?

உங்கள் சந்தேகம் எங்கள் துறையே தலையைச் சொறியும் சந்தேகம். பெரும்பாலானதை வழியிலேயே தின்றுவிடுகிறார்கள். அடி வரைக்கும் போய்ச் சேருவது கொஞ்சம்தான். லேசான திரள் வாரக்கணக்கில் தொங்கிக்கொண்டே இருக்கும். அகப்பட்ட வாயெல்லாம் அதைக் கடிக்கும். செத்த ஓடு, புழுதி எல்லாம் சேர்ந்து கனத்தது சில நாளில் இறங்கிவிடும். கீழே இருட்டில் இருக்கும் உயிர்களுக்கு மேலேயிருந்து வரும் அதுதான் சாப்பாடு. போகிற போக்கில் காற்றிலிருந்து கடல் வாங்கிய கார்பனையும் அது கீழே கொண்டுபோய்விடும்.

இனி என் சந்தேகம். போன மாதம் முற்றுப்புள்ளி என்றால் என்னவென்று தெரியாதவர், இந்த மாதம் வரிக்கு வரி அதை வைக்கிறார். அடைப்புக்குறிக்குள் மிகையைத் திருத்துகிறார். "நலமறிய ஆவல்" வேறு. மாமா, உங்கள் கடிதத்தை யார் தட்டுகிறார்கள்?

எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை. தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். மொட்டைமாடியில் இரண்டு நாற்காலி போட இடம் இருக்கிறதா?

மருமகள்

ஜூலை 24

மருமகளுக்கு,

போன கடிதம் தட்டியது புரூஃப் அம்மாதான், இதை நானே தட்டுகிறேன், அவங்களுக்குத் தெரியாது, அதனால் புள்ளி கிள்ளியெல்லாம் எதிர்பார்க்காதே.

நாற்காலி இரண்டு போட்டிருக்கிறோம், தட்டு கழுவுவது பத்து நிமிஷ வேலை, அதற்குச் சாயங்காலம் முழுக்க ஆகிறது, அவங்க தம்பிகளைப் படிக்கவைத்து ஆளாக்கியதில் தனக்கென்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இப்போது தம்பிகள் ஆளுக்கொரு ஊரில், போன வாரம் பாட்டிலை மூடிக்கொண்டே, "காத்து நின்னதும் உங்க மருமக வந்துடுவா. தட்டை எடுத்துடுவா. அப்புறம் நாம எதைச் சாக்கு வச்சு உக்காந்திருப்போம்?" என்று கேட்டாங்க, அப்புறம் அவங்களே, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டாங்க, பாட்டில் மூடி வேணுமா என்று கேட்கிற மாதிரி கேட்டாங்க.

சரி என்றுதான் சொல்ல வந்தது, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன், அன்றே அவனிடம் சொன்னேன், அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவே இல்லை, "உங்க இஷ்டம்ப்பா" என்றான், அதிலிருந்து கிளினிக் சோபாவில்தான் படுக்கை, துணி மாற்ற மட்டும் வருகிறான், தெருவில் அவங்களைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறானாம்.

நீ அவனுக்கு எழுது, நீ சொன்னால் கேட்பான், நீயும் வேண்டாம் என்றால் சொல்லிவிடு, விட்டுவிடுகிறேன், எனக்கு வயதாகிவிட்டது, விட்டுவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

மாமா

ஆகஸ்டு 5

மாமாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. காற்றைக் காரணம் சொல்லலாம், ஆனால் காரணம் அதுவல்ல. நான்தான் கேலி செய்தேன், நான்தான் நாற்காலி கேட்டேன். ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் கணினியை மூடிவிட்டேன். அத்தையை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவர் கூடத்தில் இருக்கும் படம்தான். ஆனால் நான் வந்த புதிதில் நீங்கள் ஒருநாள் சமையலறையில் நின்று, "இந்த டப்பாவுல அவ சீரகம் வைப்பா, நீ என்ன வேணா வச்சுக்கோம்மா" என்றீர்கள். நான் சீரகமே வைத்தேன். அந்த டப்பாவைத்தான் முதலில் நினைத்துக்கொண்டேன். எனக்கே இப்படியென்றால் உங்கள் மகனுக்கு எப்படி இருக்கும்?

பிறகு அறைத்தோழியிடம் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "உனக்கு என்ன பயம், அவர் சந்தோஷமா இருந்துடுவாரோன்னா?" என்றாள். கோபமாக வந்தது. வெளியே போய்த் தளத்தில் நின்றேன். அலை முழுக்கப் பச்சை. சாயங்காலம் கோபம் போய்விட்டது.

மாமா, செய்துகொள்ளுங்கள். "ஒன்றும் ஆகிவிடாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அது பொய். படிக்கும்போதே தெரிந்தது.

ஆனால் உங்கள் மகனுக்கு நான் எழுதமாட்டேன். உங்கள் இருவருக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொடுக்கும் வேலையைத்தான் நாலு வருஷமாகச் செய்கிறேன். இந்தப் பேச்சு என் வழியாகப் போகக் கூடாது. அவர் வீட்டுக்கு வராவிட்டால் நீங்கள் கிளினிக்குக்குப் போங்கள். உங்களுக்குப் பல் வலி இல்லையா என்ன? வருஷக்கணக்காக ஒரு பக்கமாகத்தானே மெல்லுகிறீர்கள்.

மருமகள்

ஆகஸ்டு 19

அன்பு மருமகளுக்கு,

இதை அவங்கதான் தட்டுகிறாங்க. "அவங்க" என்று சொன்னால் தனக்குத்தானே மரியாதை போட்டுக்கொள்வதுபோல இருக்கிறதாம். இருக்கட்டும், தட்டுங்கள் என்றேன்.

கிளினிக்குக்குப் போனேன். வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தேன். அவன் முகமூடி போட்டிருந்தான். கண் மட்டும் தெரிந்தது. "என்னப்பா?" என்றான். "பல்லு" என்றேன். "வாயைத் திறங்க" என்றான். திறந்தேன். விளக்கைப் போட்டு, கண்ணாடியை உள்ளே விட்டான்.

பேச வந்தவன் நான். அப்படி நாற்காலியில் கிடந்துகொண்டு என்ன பேசுவது? "ஆ" என்றேன். "பேசாதீங்க, கையில கொக்கி இருக்கு" என்றான். அப்புறம் அவன் பேச ஆரம்பித்தான். எனக்குப் பதில் சொல்ல வழியில்லை என்ற தைரியமோ என்னவோ.

"எனக்கு அவங்க மேல கோபமே இல்லப்பா. நல்லவங்கதான். நீங்க மாடியில சிரிக்கறீங்க. கீழ கேக்குது. அம்மா இருந்தப்ப நீங்க இப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. அதான்ப்பா எனக்குத் தாங்கல. அப்ப அம்மாகூட நீங்க சந்தோஷமாவே இல்லையா?"

நான் அவன் கையைப் பிடித்து வெளியே எடுத்தேன். கண்ணாடி, கொக்கி எல்லாம் சேர்த்து.

"டேய், நீ தூங்கினப்புறம்தான்டா நாங்க சிரிப்போம். உன்னை எழுப்பிடக் கூடாதுன்னு உங்கம்மா தலையணையைக் கடிச்சுக்கிட்டுச் சிரிப்பா. உனக்கு எப்படிக் கேட்டிருக்கும்?"

அவன் திரும்பிக்கொண்டு கை கழுவினான். குழாயை மூடவே இல்லை. வெளியே அடுத்த ஆள் இருமுவது கேட்டது. எனக்கும் கண்ணெல்லாம் மறைத்தது. விளக்கு நேரே கண்ணில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்.

பிறகு வந்து, "கடைவாய்ப்பல் ஒண்ணு எடுத்தே ஆகணும்" என்றான். முகமூடியைச் சரிசெய்துகொண்டான். "கல்யாணத்துக்கு முன்னாடியே எடுத்துடலாம். வீக்கம் வடிய நாளாகும்."

பல்லை எடுத்தாயிற்று. பதிவு அலுவலகத்தில் செப்டம்பர் 14 கொடுத்திருக்கிறார்கள். நீ பத்தாம் தேதி வந்துவிடுவாய் அல்லவா?

காற்று இங்கே குறைந்துவிட்டது. தட்டில் புழுதியும் குறைவு.

மாமா

செப்டம்பர் 6

மாமாவுக்கு,

முதலில் கெட்ட செய்தி. பத்தாம் தேதி வர முடியாது. இருபதாம் தேதிக்கு முன்னால் கரை இல்லை.

புனலை மேலே வரவழைக்கக் கப்பலிலிருந்து ஒலி அனுப்புவோம்; அது கேட்டால் கீழே ஒரு கொக்கி கழன்று, மிதவைகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரும். கழன்றால் பதில் ஒலி கேட்கும். அனுப்பினோம். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. கேப்டன் நல்ல மனிதர். "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்மா" என்றார், அதற்கு மேல் கேட்காதே என்ற முகத்தோடு. நான் சாப்பிடவில்லை. சமையல்காரர் தட்டோடு வந்து, "கடல்ல போட்டது கடல்ல இருக்கும். நீங்க சாப்பிடுங்க" என்றார். ஆறுதலா கேலியா என்று தெரியவில்லை.

நாலாம் நாள் காலையில் மறுபடி அனுப்பியபோது பதில் வந்தது. கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்திருக்கிறது. ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் அலைதான். எல்லோரும் தளத்தில் நின்று தேடினோம். அறைத்தோழிதான் முதலில் கத்தினாள்: "ஆரஞ்சு! அங்க பாரு, ஆரஞ்சு!" மிதவைகள். பெரிய மனுஷிபோல நிற்க வேண்டும் என்று நினைத்தேன், குதித்துவிட்டேன்.

பாட்டில்களை வரிசையாக வைத்துப் பார்த்தோம். முதல் சில வெறும் தண்ணீர். அடியில் ஒரு விரல்நகம் அளவு வண்டல். அப்புறம் ஏறிக்கொண்டே போகிறது. காற்று உச்சத்தில் அடித்த வாரங்களில்தான் மிக அதிகமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. காற்று கடலைப் போட்டு உலுக்கியபோது செடிகளும் சேர்ந்து இருட்டுக்குப் போயிருக்கின்றன, வெளிச்சம் போதவில்லை. காற்று கொஞ்சம் ஓய்ந்த பிறகு வந்த பாட்டில்தான் கழுத்து வரை நிறைந்திருக்கிறது. அதன் வண்டலில் செம்மண் நிறம். அது நம் ஊர்ப் புழுதிதானா என்று நீங்கள் பிடித்து வைத்ததோடு ஒப்பிட்டால்தான் தெரியும். நான் இப்போதே ஆம் என்று சொல்லக் கூடாது. சொல்லவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டே இருக்கிறேன்.

எனக்காகத் தேதியைத் தள்ளாதீர்கள். அந்த அலுவலகத்தில் மறுபடி எப்போது கொடுப்பார்களோ! நான் இல்லாமல் நடப்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் நான் இல்லாத குறையை நீங்கள் மூவரும் தாங்கிக்கொள்ளலாம். நானும் தாங்கிக்கொள்வேன்.

மருமகள்

செப்டம்பர் 17

மருமகளுக்கு,

கல்யாணம் ஆகிவிட்டது, இதை நானே தட்டுகிறேன், அவங்க உள்ளே அலமாரியில் இடம் ஒதுக்கிக்கொண்டிருக்காங்க, அதனால் புள்ளி வைத்துப் பழகிப் பார்க்கிறேன்.

உன் வீட்டுக்காரன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். அவங்க தம்பி ஒருத்தர் வந்து இன்னொரு கையெழுத்துப் போட்டார், மூன்றாவதுக்கு அங்கே வந்திருந்த வேறொருவரைப் பிடித்தோம். அதிகாரி உறுதிமொழித் தாளை நீட்டியதும் அவங்க பேனாவை எடுத்து ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டாங்க. அதிகாரி முறைத்தார். "தப்பா இருந்தா பரவாயில்லையா சார்?" என்று கேட்டாங்க. அவர் மறுபடி அச்சடித்துக் கொடுத்தார். அதில் அரை மணி நேரம் போனது.

வெளியே வந்து நால்வரும் டீ குடித்தோம். அப்போது உன் வீட்டுக்காரன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "உங்களை நான் எப்படிக் கூப்பிடறது?" என்று கேட்டான். நான் என் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவங்க நிதானமாக, "அம்மான்னு கூப்பிட வேண்டாம்ப்பா, அந்தப் பேருக்கு ஆள் இருக்காங்க. வேற என்ன வாயில வருதோ, வரும்போது கூப்பிடு. அவசரமே இல்ல" என்றாங்க. அவன் தலையாட்டினான். அன்றும் அடுத்த இரண்டு நாளும் "இங்க பாருங்க", "இல்லீங்க" என்று ஒப்பேற்றினான். அவன் கிளினிக்கில் படுப்பதில்லை, அதுவே போதும் என்று நான் இருந்தேன்.

இன்று காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவங்க சமையலறையில். குளியலறையிலிருந்து அவன் கத்தினான், தலையெல்லாம் சோப்பு போல, குரலே அப்படி இருந்தது.

"சித்தி! தண்ணி நின்னு போச்சு!"

கத்தினவன் கதவுக்குப் பின்னால் மூச்சுக் காட்டவில்லை. நான் பேப்பரை மடக்கினேன். அவங்க அடுப்பை அணைத்துவிட்டு வந்து என்னைப் பார்த்தாங்க. கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரலில் ஒன்றும் காட்டவில்லை.

"இருப்பா, மோட்டார் போடறேன்" என்றாங்க.

மாமா